பென்ஷன் நின்றால் மலை இறங்க வேண்டியது யார்?

வீக்கெண்டுக்கு கொடைக்கானல் போனால் ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள் ரைடு, பில்லர் ராக்ஸ், நேரம் இருந்தால் பூம்பாறை, மன்னவனூர் வரை ஒரு ரவுண்டு. போகிற வழியெல்லாம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தே வயதாகிப்போன பலருக்கு, மாதாமாதம் கைக்கு வரும் ஒரே நிச்சயமான பணம் முதியோர் உதவித்தொகைதான். 2023 ஆகஸ்டில் தமிழக அரசு அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. சுற்றுலா போகிறவருக்கு அது ஒரு வேளை ஹோட்டல் பில். மேல்மலையில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அது ஒரு மாத மாத்திரையும் மளிகையும்.

அந்தப் பணம் ஒரு மாதம் வராமல் நின்றுபோனால்? யார் நிறுத்தினார்கள், யாரிடம் போய்க் கேட்பது? இதற்கான பதில், பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வேலையில் இருக்கிறது. ஓய்வூதியக் கோப்பு பார்க்கும் வேலை.

பென்ஷனை ‘பார்ப்பது’ யார்?

கொடைக்கானலில் ‘பென்ஷன்’ என்று சொன்னால் மூன்று கதவுகள். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் சார்நிலைக் கருவூலம். ஹோட்டல், பள்ளி, எஸ்டேட் என்று பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்தவர் என்றால் வருங்கால வைப்பு நிதி அலுவலகம். அதற்கு மதுரை மண்டலம். இரண்டும் இல்லாத ஆதரவற்ற முதியவர் என்றால் வருவாய்த் துறை. விண்ணப்பம் இ-சேவை வழியாகப் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் மேஜைக்கு வரும்.

மூன்று கதவுக்குப் பின்னாலும் நடக்கும் வேலையை இரண்டு கேள்விகளில் சொல்லிவிடலாம். பேப்பரில் இருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒரே ஆள்தானா? அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?

அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் தப்பு இரண்டு பக்கமும் நடக்கலாம். இறந்தவர் கணக்குக்குப் பணம் போனால் அது அரசுக்கு நஷ்டம். ஆடிட்டில் மாட்டும், அலுவலர் பதில் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவருக்குப் பணம் நின்றால் அது அந்த முதியவருக்கு மட்டும்தான் நஷ்டம். அதை எந்த ஆடிட்டும் கேட்பதில்லை. இப்படி ஒரு மேஜையில் யார் உட்கார்ந்தாலும், சந்தேகம் வந்தால் ‘எதுக்கு வம்பு, நிறுத்தி வைப்போம்’ என்றுதான் கை போகும். அது அந்த அலுவலரின் கல்நெஞ்சம் அல்ல. விதிமுறை அவரை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

மணியார்டர் போனதும் மாறியது என்ன?

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் தொடங்கியது. நீண்ட காலம் பணம் மணியார்டரில்தான் வந்தது. தபால்காரர் வீட்டுக்கே வருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கைநாட்டு வாங்குவார், பணத்தைக் கொடுப்பார். கையில் கொடுக்கும்போது கொஞ்சம் ‘கழித்துக்கொள்வார்’ என்ற குறை இருந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் அதில் தானாகவே நடந்தது. ஆள் இருக்கிறாரா, அதே ஆள்தானா என்பதை அரசு சார்பில் ஒருவர் மாதம் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவார்.

பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பது உண்மையான லாபம். கூடவே, ‘நான் இருக்கிறேன்’ என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து முதியவர் தலைக்கு மாறிவிட்டது. விரல் ரேகைக் கருவியின் முன் அவர்தான் போய் நிற்க வேண்டும். ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மலையில் சிக்னலும் வரும், போகும். “ரேகை விழல ஆத்தா, அடுத்த வாரம் வாங்க” என்று சொல்வது சுலபம். மன்னவனூரில் இருந்து கொடைக்கானலுக்கே சுமார் 35 கிலோமீட்டர். வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை முடியாமல், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் போகலாம் என்றால், கொடைக்கானலில் இருந்து இன்னும் சுமார் 95 கிலோமீட்டர். துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்ய இப்படி இரண்டு, மூன்று தடவை அலைந்தால் கணக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துப் பிழை அவ்வளவு பெரிய விஷயமா?

ஜப்பானைக் கேளுங்கள். அங்கே 1997-ல் எல்லோருக்கும் ஒரே ஓய்வூதிய எண் கொடுத்தார்கள். பழைய பதிவுகளை அந்த எண்களோடு சேர்க்கும்போது, சுமார் 5 கோடி பதிவுகள் யாருடையவை என்றே தெரியாமல் நின்றன. 2007-ல் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. ஜப்பானியப் பெயர்களில் ஒரே எழுத்தைப் பல விதமாக உச்சரிக்கலாம். பதிவு செய்தவர் தவறாகப் படித்து ஏற்றிய பெயர்கள் ஏராளம். அந்த ஆண்டு மேலவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓய்வூதியத்தை நிர்வகித்த சமூகக் காப்பீட்டு முகமையையே கலைத்துவிட்டு, 2010 ஜனவரியில் புதிய அமைப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று.

நம்மூரில் இதற்கு இணையானது இனிஷியல். ரேஷன் கார்டில் ‘முருகாயி’, ஆதாரில் ‘முருகாயம்மாள்’, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் கணவர் பெயர் பின்னால். ஊருக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பிறப்புச் சான்றிதழே இல்லாத தலைமுறைக்கு ஆதாரில் குத்துமதிப்பாக ஒரு வயதைப் போட்டிருப்பார்கள். அது 60-க்குக் கீழே இருந்தால் விண்ணப்பமே நகராது. இதைப் பிரித்துப் பார்த்து, ‘இவர்தான் அவர்’ என்று கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும். நல்ல ஓய்வூதிய அலுவலரின் உண்மையான திறமை அதுதான்.

கருவி இருக்கிறது, வரிசைதான் தலைகீழ்

அரசு ஓய்வூதியர்களுக்கு இன்று நிலைமை பரவாயில்லை. ஜீவன் பிரமாண் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் வந்தது. 2021-ல் முகத்தை வைத்தே சரிபார்க்கும் வசதியும் வந்தது. 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்றைப் பதிவு செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. 2018-ல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் வேலை இது. அதாவது, மலைக் கிராமத்துக்குப் போகக்கூடிய தபால்காரரின் பையில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. மாதம் பல ஆயிரம் ரூபாய் பென்ஷன் வாங்குபவர் வீட்டுக்கு அது போகிறது. 1,200 ரூபாய் வாங்குபவர்தான் அலுவலகத்துக்கு அலைகிறார். யாருக்கு வீட்டு வாசலில் சேவை அதிகம் தேவையோ, அவர் வரிசையில் கடைசி.

‘போலிப் பயனாளிகளை விட்டுவிடலாமா?’ என்பது நியாயமான கேள்வி. விடக் கூடாது, மக்கள் வரிப்பணம் அது. ஆனால் இறப்புப் பதிவேடு அரசிடமே இருக்கிறது. அதையும் பயனாளிகள் பட்டியலையும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்தால் இறந்தவர் பெயர்களில் பெரும்பகுதி தெரிந்துவிடும். அந்த வேலை அலுவலகத்துக்குள்ளேயே முடியும். அதை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் எல்லோரையும் வந்து நிரூபிக்கச் சொல்வது சுற்றுவழி.

என்ன மாற வேண்டும்?

முதலாவது, விசாரித்த பிறகே நிறுத்த வேண்டும். நிறுத்தும் முன் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்து, காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தவறாக நின்ற பணம், நின்ற மாதத்திலிருந்தே நிலுவையோடு தானாக வர வேண்டும். புதிய விண்ணப்பம் கேட்கக் கூடாது. மூன்றாவது, மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் மாதம் ஒரு முகாம். மன்னவனூரில் ஒன்று, தாண்டிக்குடியில் ஒன்று போதும். நான்காவது, அலுவலரின் வேலையை எத்தனை பெயரை நீக்கினார் என்று மட்டும் அளக்காமல், எத்தனை பேருக்குத் தவறாக நின்றது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கான ஆட்களையும் கொடுக்க வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. முதியோர் ஓய்வூதியத்தை மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலேயே உத்தரவிட்டது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-ஐத் தாண்டினால் 500 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 200 மாறவில்லை. தொகை இவ்வளவு சின்னது என்றால், அதை ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதாவது பெரிய விஷயமாக இருக்க வேண்டாமா?

மொபைலில் இதைப் படிப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு பணி வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் யு.ஏ.என். கணக்கில் பெயர், பிறந்த தேதி, வேலையை விட்ட தேதி மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் கழித்து அந்த ஹெச்.ஆர். இருக்க மாட்டார். ஊரில் இருக்கும் அப்பத்தாவின் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் பேரனோ பேத்தியோ ஸ்மார்ட்போனோடு பக்கத்தில் இல்லாத அப்பத்தாக்களும் மேல்மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக மலை ஏற வேண்டியது அரசுதான்.