கன்னத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமை

2023 நவம்பர் தொடக்கத்தில் பெர்லினில் ஐரோப்பிய வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். குழுப் படத்துக்காக வரிசையில் நின்றபோது குரோஷிய அமைச்சர் கோர்தான் கிர்லிச் ராத்மான், பக்கத்தில் நின்ற ஜெர்மன் அமைச்சர் அனலேனா பேர்பாக்கின் கையைக் குலுக்கியபடியே முத்தமிட முகத்தை நெருக்கினார். பேர்பாக் சட்டென்று முகத்தைத் திருப்ப, முத்தம் கன்னத்தோடு நின்றது. சில நொடிக் காட்சிதான், ஆனால் உலகம் முழுக்கச் சுற்றிவந்தது. கேள்விகள் எழுந்தபோது ராத்மான், ‘சக அமைச்சர்கள் நாங்கள் எப்போதும் அன்போடுதான் முகமன் சொல்லிக்கொள்வோம், இதில் என்ன சிக்கல்?’ என்ற தொனியில் விளக்கம் தந்தார். கன்ன முத்தத்தைப் பற்றிய பேச்செல்லாம் இந்த ‘அன்பு’ என்ற சொல்லில்தான் வந்து இடறுகிறது. முத்தமிடுவது அன்பு என்றால் விலகிக்கொள்பவர் அன்பில்லாதவர் என்றாகிவிடும். உண்மையில், முகமனுக்காக இடும் முத்தம் அன்பைச் சொன்னதைவிட, யார் மேலே, யார் கீழே, யார் சமம் என்பதைத்தான் அதிகம் சொல்லிவந்திருக்கிறது. மரபா, சுகாதாரமா என்று இதை எடைபோடுவதைவிட, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு முடிகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ், பாரசீகர்கள் தெருவில் சந்தித்துக்கொள்ளும் விதத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். இருவரும் சம அந்தஸ்து என்றால் வாயில் முத்தம். ஒருவர் சற்றே தாழ்ந்தவர் என்றால் கன்னத்தில். மிகவும் தாழ்ந்தவர் என்றால் முத்தமே கிடையாது, காலில் விழ வேண்டியதுதான். பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் நடுவே எத்தனை படி என்று வழிப்போக்கனுக்குக்கூடத் தெரிந்துவிடும். ரோமாபுரியில் இது இன்னும் விரிவானது. காலையில் பெரிய மனிதர் வீட்டு வாசலில் அண்டிப் பிழைப்பவர்கள் கூடுவதும், மேல்தட்டார் தங்களுக்குள் முத்தம் பரிமாறிக்கொள்வதும் அன்றாடச் சடங்குகள். திபேரியஸ் பேரரசர் அன்றாட முத்தங்களைத் தடை செய்து ஆணை போட்டார் என்று சூட்டோனியஸ் பதிந்திருக்கிறார். அதே காலத்தில் பரவிய ஒரு தோல் நோயைப் பற்றி மூத்த பிளினி எழுதும் குறிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோவாயில் தொடங்கி முகமெங்கும் படர்ந்த அந்த நோய் பெண்களையும் அடிமைகளையும் எளிய மக்களையும் அண்டவில்லை என்கிறார் அவர். பிடித்ததெல்லாம் உயர்குடி ஆண்களைத்தான், அதுவும் போகிற போக்கில் இட்டுக்கொள்ளும் முத்தத்தால். மருத்துவமாக இது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். ஆனால் முத்தம் எந்த வட்டத்துக்குள் புழங்கியது, எந்த வாசலில் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் இருக்க முடியாது.

இங்கிலாந்தில் 1439-ல் கொள்ளைநோய் மிரட்டியபோது, மன்னர் ஆறாம் ஹென்றிக்கு விசுவாசம் தெரிவிக்க வருபவர்கள் அவரை முத்தமிடாமல் இருக்க அனுமதி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மனு வந்தது. முத்தமிடாமல் இருப்பதற்கு மனு! அறுபது ஆண்டு கழித்து, 1499-ல், அதே நாட்டுக்கு வந்த அறிஞர் எராஸ்மஸ் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொக்கிப்போகிறார். வந்தால் முத்தம், போனால் முத்தம், திரும்பிய பக்கமெல்லாம் பெண்கள் முத்தமிட்டு வரவேற்கிறார்கள் என்று அவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. இங்கிலாந்தின் இனிய பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடிதத்தை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். முன்பின் தெரியாத விருந்தாளிக்கெல்லாம் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதம் எழுதியவர் விருந்தாளி, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கன்ன முத்தம் என்றதும் நினைவுக்கு வருவது பிரான்ஸ். அங்கே அதற்கு ‘பீஸ்’ என்று பெயர். நம் காதுக்குப் பள்ளிக் கட்டணம்போல ஒலிக்கும், ஒருவகையில் கட்டணம்தான். உதடு பெரும்பாலும் கன்னத்தில் படாது. கன்னத்தோடு கன்னம் ஒற்றி, காற்றில் ஓசை எழுப்புவதோடு சரி. எத்தனை முறை என்பது ஊருக்கு ஊர் மாறும். பாரிஸ் உட்படப் பெரும்பாலான இடங்களில் இரண்டு, தெற்கே மோன்பெலியே பக்கம் மூன்று, சில வட்டாரங்களில் நான்கு, பிரெத்தானியாவின் மேற்குக் கோடியில் ஒன்றே ஒன்று. எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்பதிலும் ஊர்ப் பேதம் உண்டு. தவறினால் மூக்கும் மூக்கும் முட்டிக்கொள்ளும். இந்த வேடிக்கைகளைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. பல பணியிடங்களில் ஆண்கள் தங்களுக்குள் கைகுலுக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பெண் என்றால் மட்டும் கை கன்னமாகிவிடுகிறது. ஈசேர் மாவட்டத்தின் மோரெத் என்ற சிற்றூரின் மேயர் ஓத் பிகார்-வோல்ஃப் 2018 தொடக்கத்தில் செய்திகளில் அடிபட்டது இதனால்தான். இனி முத்தம் வேண்டாம், ஆண்களைப் போலக் கைகுலுக்கவே விரும்புகிறேன் என்று உள்ளாட்சிச் சகாக்களுக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பினார். ‘ஆண்களைப் போல’ என்ற இரண்டு சொற்களில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. மேயருக்கே மின்னஞ்சல் தேவைப்பட்டது என்றால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

இப்படிப் பேசினால், மனிதர்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சநஞ்ச நெருக்கத்தையும் துடைத்தெறிந்துவிட்டு எல்லோரையும் மரக்கட்டையாக்கப் பார்க்கிறீர்களா என்ற எதிர்ப்பு வரும். அதில் நியாயம் இருக்கிறது. தொடுதல் மனிதருக்கு வேண்டும். என் குறை முத்தத்தின் மேல் இல்லை, ஓரவஞ்சனையின் மேல். அர்ஜென்டினாவில் ஆணும் ஆணும்கூடச் சந்தித்தால் கன்னத்தில் ஒரு முத்தம். அலுவலகமோ கால்பந்து மைதானமோ, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நியூசிலாந்து மாவோரி மக்களின் ‘ஹோங்கி’யில் மூக்கும் நெற்றியும் ஒட்டி மூச்சைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அங்கு வரும் நாட்டுத் தலைவருக்கும் அதே மரியாதைதான். இவற்றில் நெருக்கம் இருபக்கமும் ஒரே அளவில் ஓடுகிறது. பிரெஞ்சு அலுவலகத்தில் அப்படி ஓடுவதில்லை. அங்கே ஆண்களும் தங்களுக்குள் பீஸ் கொடுத்துக்கொள்ளட்டும், அல்லது எல்லோரும் கைகுலுக்கட்டும். இரண்டில் எதுவானாலும் என் புகார் தீர்ந்துவிடும்.

கொரோனா இந்த வழக்கத்தை ஒழித்துவிடும் என்று பலர் அப்போது எழுதினார்கள். 2020 பிப்ரவரி 27 அன்று நேப்பிள்ஸில் அதிபர் மக்ரோன் இத்தாலியப் பிரதமர் கோன்தேயைக் கன்னத்தில் முத்தமிட்டார். ஓரிரு நாளிலேயே அவருடைய சுகாதார அமைச்சர் கைகுலுக்கலையும் பீஸையும் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். தொற்று தணிந்ததும் முத்தம் திரும்பி வந்துவிட்டது, எல்லாரிடமும் அல்ல என்றாலும். திபேரியஸ் காலத்து நோய், 1439-ன் கொள்ளைநோய், கொரோனா என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது: முகம் கோணாமல் விலகிக்கொள்ளக் கிடைத்த மரியாதையான சாக்கு நோய்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு கிருமியின் துணை தேவைப்படுகிறது என்றால், அந்தப் பழக்கத்தை மனமொப்பிய அன்பு என்று எப்படி அழைப்பது?

நம் பக்கத்திலிருந்து ஒரு பதில் தயாராக இருக்கும்: அதற்குத்தான் எங்களிடம் வணக்கம் இருக்கிறதே, தொடவும் வேண்டாம், தொற்றவும் வேண்டாம். 2020 மார்ச்சில் பாரிஸுக்கு வந்த ஸ்பெயின் மன்னரை மக்ரோன் கைகூப்பி வரவேற்றபோது இங்கே பலருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் முத்தம் நமக்கு அந்நியம் என்பதே அரைகுறை உண்மை. குழந்தையை உச்சி முகர்ந்து முத்தமிட்டு வளர்க்கிறவர்கள்தான் நாம். தொடாமல் நிற்பதையே மேன்மை என்று கொண்டாடுவதற்கு முன், இந்த ஊரில் தொடாமல் நிற்பது எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தனை அடி தள்ளி நில், துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு என்பவையும் முகமன் விதிகளாகத்தான் இருந்தன. பாரசீகத் தெருவின் முத்தத்தைப்போல அவையும் பார்த்த மாத்திரத்தில் படிகளைக் காட்டின. அவ்வளவு பின்னே போக வேண்டியதில்லை என்பவர்கள் ஏதாவது ஓர் அரசு அலுவலகத் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் நிற்கலாம்: யார் முதலில் கைகூப்புகிறார், யார் மார்பளவில், யார் தலைக்கு மேலே, யார் நடந்துகொண்டே தலையை லேசாக அசைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார் என்று.