கண் தெரியாதவர் நீதிபதி ஆகலாமா?

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. 1931-ம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. அங்கே பிள்ளைகள் விரலால் படிக்கிறார்கள். தடித்த காகிதத்தில் மேடாக எழும்பி நிற்கும் புள்ளிகளைத் தடவினால் எழுத்து புரியும். இதற்குப் "பிரெயில்" முறை என்று பெயர்.

அதே பூந்தமல்லியில் கோர்ட்டும் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை ஒன்று, பிற்காலத்தில் இந்தக் கோர்ட்டில் நீதிபதியாக உட்கார முடியுமா? "முடியும்" என்று சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்னது 2025-ம் ஆண்டில்தான்!

சன்னது உண்டு, நாற்காலி இல்லை

சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர், பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்து வக்கீல் ஆகலாம். பழைய வக்கீல்கள் இதைச் "சன்னது வாங்குவது" என்பார்கள். 1961-ம் ஆண்டின் வக்கீல்கள் சட்டத்தில், கண் பார்வை வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. சிறு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்த சாதன் குப்தா வக்கீல் ஆனார். 1953-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1986-ல் மேற்கு வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் பதவிக்கே உயர்ந்தார்.

ஆனால், வாதாடலாம் என்று சொன்ன நாடு, தீர்ப்புச் சொல்லலாம் என்று சொல்லத் தயங்கியது.

இத்தனைக்கும் 2009-ல் தமிழ்நாட்டிலேயே பார்வையற்ற வக்கீல் டி.சக்கரவர்த்தி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்படியிருந்தும் 2014-ல், 162 சிவில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு வந்தபோது ஒரு கட்டுப்பாடும் கூட வந்தது. பார்வைக் குறையும் செவிக் குறையும் நூற்றுக்கு 40 முதல் 50 வரைதான் இருக்கலாம் என்றார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள்! குறை 40-க்குக் கீழே இருந்தால் சலுகை இல்லை. 50-க்கு மேலே போனால் வேலை இல்லை!

நூற்றுக்கு 70 பார்வைக் குறை உள்ள ஒருவர் வழக்குப் போட்டார். அவர் அரசுத் தரப்பு வக்கீலாக வேலை பார்த்தவர். சென்னை ஐகோர்ட்டில் தோற்றார். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார். கட்டுப்பாடு நியாயமானதே என்று தீர்ப்பாயிற்று.

ஒரு தாயின் கடிதம்

2021-ல் சுப்ரீம் கோர்ட்டே அந்தத் தீர்ப்பைக் குறை கூறியது. வேலை செய்வதற்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுக்க முடியுமா என்பதை அதில் யோசிக்கவில்லை என்றது.

பிறகு மத்தியப் பிரதேசத்தில் இருந்து ஒரு தாய், தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அவருடைய பிள்ளைக்குப் பார்வை இல்லை. அந்த மாநில விதிப்படி பார்வையற்றவர் நீதிபதி வேலைக்கு வர முடியாது. அந்தக் கடிதத்தையே கோர்ட்டு வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 3-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அந்த விதியைத் தள்ளுபடி செய்தார்கள். பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நீதிபதி வேலையில் இருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்புக் கூறினார்கள்.

முகம் பார்க்க வேண்டாமா?

"சாட்சியின் முகத்தைப் பார்த்தால்தானே பொய்யா, மெய்யா என்று தெரியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், கூசாமல் பொய் சொல்பவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வான். உண்மை சொல்ல வந்த ஏழை, கூண்டில் ஏறியதும் நடுங்குவான். முகத்தை நம்பினால் ஏழைக்கே ஆபத்து! அப்பீல் கேட்கும் நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்த்தா தீர்ப்புச் சொல்கிறார்கள்? எழுதி வைத்த வாக்குமூலத்தைத்தானே படிக்கிறார்கள்?

தென் ஆப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சாக் யாக்கூப், பார்வை இல்லாதவர். 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார்.

சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி ஓட்டுபவருக்குக் கண் தெரியத்தான் வேண்டும். அங்கே பார்ப்பதே வேலை. காது? லைசென்ஸ் கேட்கும் காது கேளாதவரை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும், தேறினால் லைசென்சு கொடுக்க வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு 2011-ல் சொன்னது. அதுதான் சரியான வழி. வேலையைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். உடம்பில் எது குறைகிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்!

இனி என்ன?

தீர்ப்பு வந்துவிட்டால் மட்டும் போதாது. எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் கம்ப்யூட்டர் இப்போது உண்டு. ஆனால், மங்கலாகப் படம் பிடித்த காகிதத்தையும் கிறுக்கலான கையெழுத்தையும் கொடுத்தால் அது திணறும். ஆகவே வழக்குக் காகிதங்களைத் தெளிவாக டைப் செய்து, கம்ப்யூட்டர் படிக்கும் விதத்தில் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பார்வை இல்லை என்றால், "இதற்கு இந்த வேலைதான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பார்வையற்றவர்கள் நாற்காலிக்குப் பிரம்பு பின்னத்தான் லாயக்கு என்று ஒரு காலத்தில் நினைத்தோம். அந்த நாற்காலியில் உட்காரவும் அவர்களுக்கு உரிமை உண்டு!