எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. முதல் ஆய்வுக்கு அது எடுத்துக்கொண்ட கேள்வி, காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்பது.

அந்தக் காலத்தில் இப்படிக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. காசநோய் என்றால் நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் விலகியிருத்தல் என்பதே மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் அமையும் அளவுக்கு அந்த நம்பிக்கை ஊன்றியிருந்தது. ஆனால், நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. காத்திருப்போர் பட்டியலில் இருந்தபடியே பலர் இறந்துகொண்டிருந்தார்கள்.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வசித்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியம் சென்றார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய அதே இரு மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்குப் போதிய ஓய்வு இல்லை, உணவும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே எடை கூடியது. ஆண்டின் முடிவில் சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியோர் சானடோரியப் பிரிவில் 92%, வீட்டுப் பிரிவில் 86%. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு இடைவெளியும் மறைந்து, இரு பிரிவிலும் சுமார் 90% பேர் நலமாக இருந்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கிருமி போய்ச் சேர்ந்திருந்தது.

1959-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் சேத்துப்பட்டின் பங்கு பெரியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அந்த மையத்தைத் தமிழ்நாடு இன்னும் பெருமையுடன் நினைவில் வைத்திருக்கலாம்.

மருத்துவச் சான்றுகளைப் பற்றிப் பேசும்போது பலரும் இந்த வெற்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததும் இதே அளவுக்கு முக்கியமானது. ஆய்வு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்வியை, குறிப்பிட்ட நோயாளிகளிடம், குறிப்பிட்ட மருந்துகளை வைத்துக் கேட்கிறது. அதன் முடிவு பாடநூலுக்குள் நுழைந்து, அரசு உத்தரவாகி, மருத்துவரின் கைக்கு வருவதற்குள் கேள்வி உதிர்ந்துபோய்ப் பதில் மட்டும் மிஞ்சிவிடுகிறது. நோயாளிகள் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

உணவையே எடுத்துக்கொள்ளலாம். சேத்துப்பட்டு ஆய்வு சொன்னது இவ்வளவுதான்: சரியான மருந்துகளை முறையாக எடுத்துக்கொண்டால், குறைவான உணவு உண்பவரிடமும் கிருமி அழியும். படுக்கை கிடைக்காத ஏழைக்கு அது வரம். ஆனால், மருந்து இருந்தால் போதும், உணவு இரண்டாம்பட்சம் என்று அந்த முடிவு காலப்போக்கில் புரிந்துகொள்ளப்பட்டது. ஊட்டக்குறைவு உள்ளவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு, மருந்து தொடங்கிய பிறகும் யார் இறந்துபோகிறார்கள், ஒரே வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் உணவு தடுக்குமா என்பவை அந்த ஆய்வு கேட்காத கேள்விகள். கேட்காத கேள்விக்கும் அதிலேயே பதில் இருப்பதாக எடுத்துக்கொண்டதில் பல பத்தாண்டுகள் போயின.

அந்தக் கேள்விகளைக் கேட்டது ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சேத்துப்பட்டு நிறுவனமும் இணைந்து, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அதை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் வசித்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்குமே மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. பட்டினியில் இருக்கும் நோயாளிக்கு ஆய்வின் பெயரால் உணவை மறுப்பது அறமல்ல என்று குழுவினர் கருதினார்கள். வேறுபாடு குடும்பத்தினரிடம் மட்டும். ஒரு பிரிவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரைகள். மற்றப் பிரிவினர் வழக்கமான உணவையே உண்டார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் 48% குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60% குறைவாக இருந்தது. 2023-ல் லான்செட் இதழ்கள் இவற்றை வெளியிட்டன.

முந்தைய ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டுமே உண்மை, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். சிகிச்சை அறையில் இருக்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். எதிரே இருப்பவர் 35 கிலோ எடையுள்ள கூலித் தொழிலாளி என்றால், மாத்திரைச் சீட்டோடு மருத்துவரின் பணி முடிவதில்லை.

மருந்தை வாரத்துக்கு எத்தனை முறை கொடுப்பது என்பதிலும் இதே கதைதான், இன்னும் வலியோடு. ஒரு பணியாளரின் கண்ணெதிரே மருந்தை விழுங்கவைப்பதாக இருந்தால் தினமும் கொடுக்க வேண்டியதில்லை, வாரத்தில் சில நாட்கள் போதும் என்று 1960-களில் காட்டியதும் சேத்துப்பட்டுதான். அன்றிருந்த மருந்துகள் வேறு, ஒப்பீடும் வேறு. 1990-களில் தொடங்கிய அரசுத் திட்டம் வாரம் மூன்று முறை என்பதை நாடு முழுவதும் கொண்டுபோனது. தினமும் கொடுப்பதே நல்லது என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் மாற்றம் வரவில்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஒன்பது மாதங்களுக்குள் மாற வேண்டும் என்றது. எச்ஐவியோடு வாழும் காசநோயாளிகளிடம் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானபோது, தினசரிச் சிகிச்சையில் 91% பேருக்கும் வாரம் மூன்று முறைச் சிகிச்சையில் 77% பேருக்கும் நல்ல பலன் கிடைத்தது தெரிந்தது. ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உருவான நான்கு பேருமே வாரம் மூன்று முறைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இதை நடத்தியதும் சேத்துப்பட்டு நிறுவனமே. தான் வழிகாட்டிய முறையின் குறையைத் தானே அளந்து அச்சில் ஏற்றுவது எளிய காரியமல்ல; அந்த நேர்மையை மனதாரப் பாராட்ட வேண்டும். கிடைத்த சான்று கோப்புகளில் ஏழாண்டுகள் காத்திருந்ததை அப்படிப் பாராட்ட முடியாது.

சிகிச்சையில் நடந்தது இது. நோயைக் கண்டறிவதில் சான்று புறக்கணிக்கப்பட்டபோது கேடு வேறு வடிவில் வந்தது. காசநோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடும் எலிசா பரிசோதனைகள் தனியார் ஆய்வகங்களில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் நடந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. காசநோய்க் கிருமியை உடல் என்றோ சந்தித்திருந்தாலும் அந்தத் தடயம் ரத்தத்தில் இருக்கலாம். நோய் இருப்பவருக்கே தடயம் தென்படாமலும் போகலாம். இந்தியா போன்ற நாட்டில் அப்படிப்பட்ட பரிசோதனையை நம்பி என்ன முடிவு எடுக்க முடியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். இருமலோடு ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை 90% துல்லியமானது. நோயுள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. நோயுள்ள 50 பேரில் 45 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 950 பேரிலும் 95 பேருக்கு நோய் என்று முடிவு வரும். ஆக, நோய் என்று சொல்லப்பட்ட 140 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோயே இல்லை. அவர்களில் ஒவ்வொருவரும் ஆறு மாதம் தேவையில்லாத மருந்து விழுங்க வேண்டும். வேலையிலும் திருமணப் பேச்சிலும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும். எலிசாவின் துல்லியம் பல ஆய்வுகளில் இந்தக் கற்பனைக் கணக்கைவிட மோசமாகவே இருந்தது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது; 2012-ல் இந்தியா தடைசெய்தது. சளியில் கிருமியின் மரபணுவையே தேடி, இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கு 2010 டிசம்பரிலேயே அந்நிறுவனம் ஒப்புதல் அளித்திருந்தது. அதிலும் எச்சரிக்கை தேவை. நுண்ணோக்கியில் கிருமி தென்படாத நோயாளிகளில், ஒரு முறை சோதித்தபோது ஜீன்எக்ஸ்பர்ட் கண்டுபிடித்தது சுமார் 72% பேரைத்தான். ‘நெகட்டிவ்’ என்ற தாளைக் கையில் கொடுத்து, இளைத்துக்கொண்டே போகும் மனிதரை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர், அந்த மீதி 28% பேரை மறந்துவிடுகிறார்.

சான்றைச் சரியாகக் கையாள்வதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. யார் இறக்கக்கூடும் என்பதை முதல் நாளே கண்டுகொள்ள 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. உயரம், எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. இவ்வளவுதான் பார்க்க வேண்டியவை. ஆய்வகம் எதுவும் வேண்டாம், ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரே பார்த்துவிடலாம். ஆபத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்த்து, ஊட்டமும் ஆக்சிஜனும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். எல்லோரையும் சானடோரியத்தில் வைத்த காலமும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய காலமும் போய், யாரை எங்கே வைப்பது என்று ஆளுக்கேற்பத் தீர்மானிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். எழுபது ஆண்டுக் கால ஆய்வுகளின் பலன் இது.

காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், எடை கூடுவதன் பலன் முதல் இரண்டு மாதங்களைப் பொறுத்தது என்று ஆய்வு சொல்லும்போது, அந்தப் பணம் மூன்றாம் மாதத்தில் வந்து சேர்ந்தால் சான்றைப் பின்பற்றியதாகாது. மேலும், 39% என்ற கணக்கு நோயாளியைப் பற்றியதல்ல, அவருடைய குடும்பத்தினரைப் பற்றியது. குடும்பத்தினருக்கான உணவு இப்போது நன்கொடையாளர்கள் தத்தெடுக்கும் ‘நிக்‌ஷய் மித்ரா’ திட்டத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. தடுப்பூசிக்கு அரசு கொடையாளரைத் தேடிக் காத்திருப்பதில்லை. நோயைக் கணிசமாகத் தடுக்கும் என்று நிரூபணமான அரிசிக்கும் பருப்புக்கும் அதே உரிமை வேண்டும். மருந்து பெறும் அன்றே, குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவருக்குமான கூடுதல் பங்கு நியாய விலைக் கடைக்கு அனுப்பப்பட வேண்டும். அதற்கான கடைகளும் கிடங்குகளும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.