இருபத்து மூன்றால் பெருக்காதீர்கள்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் திமிரி, ஆற்காடு, ஆம்பூர் பக்கமிருந்து அரபு நாடுகளுக்குப் போனவர்கள் கொத்தனார், டிரைவர், தையல்காரர், சமையல்காரர். இப்போது பி.காம்., பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளும் போகிறார்கள். கால் சென்டர் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளரின் கோபத்தை எட்டு ஒன்பது மணி நேரம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையைக் குறை சொல்ல வரவில்லை. அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலியைப் பற்றித்தான் பேச்சு.

பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "நம்ம ரூபாய்க்கு எவ்வளவு வருது?" ஏமாற்ற வருகிறவனுக்கு நாமே கதவைத் திறந்துவிடும் கேள்வி இதுதான்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு எழுதியவன். டாலரை ரூபாயாக்குவது எனக்குத் தினசரி வேலை. இன்வாய்ஸில் இருக்கிற டாலர் முழுவதும் லாபம் என்று எந்த முதலாளியும் நினைத்து நான் பார்த்ததில்லை. பச்சைத்தோல் விலை, கெமிக்கல், கூலி, கப்பல் வாடகை, கமிஷன் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பார்ப்பார். நம் வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை மட்டும் நாம் எதையும் கழிக்காமல் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம்.

எங்கள் தெருப் பையன் ஒருவனின் கணக்கைச் சொல்கிறேன். துபாயில் கால் சென்டர் வேலை, மாதம் 2,500 திர்ஹம். திர்ஹம் சுமார் 23 ரூபாய் என்று ஏஜெண்ட் பெருக்கிக் காட்டினான். 57,500 ரூபாய்! வீடே பூரித்துப் போனது. போன பிறகுதான் மற்ற கணக்குகள் வந்தன. ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 800 திர்ஹம். அதற்குப் பெயர் பெட் ஸ்பேஸ். சாப்பாட்டுக்கு 600. பஸ், போன் இரண்டுக்கும் 300. ஆக 1,700 போய் மீதி 800 திர்ஹம், அதாவது 18,400 ரூபாய். ஏஜெண்டுக்குக் கொடுக்க அப்பா வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு வட்டி, மாதம் 3,000. அசலைத் தொடாமலே கையில் நிற்பது 15,400. இந்தப் பணத்துக்கு அவன் சென்னையிலேயே போன் எடுத்திருக்கலாம். பண்டிகைக்கு ஆற்காடு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்திருப்பான்.

இதைவிட என்னைச் சுட்டது அவன் சொன்ன இன்னொரு விஷயம். பக்கத்து நாற்காலியில் வேறு நாட்டுப் பெண் ஒருத்தி. அதே ஷிப்ட், அதே அழைப்புகள். சம்பளம் மட்டும் இவனுக்கு ஒன்றரை மடங்கு. ஏன் என்று மேனேஜரைக் கேட்டிருக்கிறான். "உங்க ஊர்க்காரங்க இந்தச் சம்பளத்துக்கே வர்றாங்களே" என்று பதில் வந்ததாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கூலியை வேலை நடக்கும் ஊரையும் செய்யும் வேலையையும் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். பிள்ளை எந்த ஊரில் பிறந்தான், அவன் பாஸ்போர்ட்டில் எந்த நாட்டு முத்திரை என்பதைப் பார்த்து நிர்ணயிக்கக் கூடாது. அவன் திமிரி விலையில் அரிசி வாங்கவில்லை. துபாய் விலையில்தான் வாங்குகிறான்.

இந்தப் பெருக்கல் வித்தை நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அப்படி அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டங்களில் நம் பழைய வட ஆற்காடும் ஒன்று. ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு ஷில்லிங் 12 அணா. இங்கே சில அணாக்களுக்கு ஏர் பிடித்தவனுக்கு அது பெரிய தொகையாகத்தான் கேட்டிருக்கும். ஃபிஜியில் அரிசி, பருப்பு என்ன விலை என்று ஆள் பிடித்தவன் சொல்லவில்லை. அன்றைக்குக் கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் முழுக்கூலி கிடையாது என்பதையும் சொல்லவில்லை. அந்த ஒப்பந்த முறை 1920 ஜனவரி 1-ல் ஃபிஜியில் முடிவுக்கு வந்தது. அணா போய் திர்ஹம் வந்திருக்கிறது, வித்தை அதேதான்.

"அவன் விரும்பித்தானே போனான்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிஜிக்குப் போனவர்களும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அதனால் அந்தக் கூலி நியாயமாகிவிட்டதா?

சரி, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்றால், அந்தக் கதையையும் கேளுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளிகளுக்கு இந்திய அரசே ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே கொடுக்கும் கம்பெனிக்கு ஆள் அனுப்ப அனுமதி கிடையாது. 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், இந்தத் தொகையை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தார்கள். சம்பளத்தைக் குறைத்தால்தான் நம் ஆட்களுக்கு வேலை மிஞ்சும் என்பது காரணம். தெலங்கானாவில் வளைகுடாத் தொழிலாளர்களுக்காகப் போராடுகிறவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஜூலையில் குறைப்பை வாபஸ் வாங்கிவிட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தன் நாட்டு உழைப்பாளியின் விலையைத் தானே இறக்கிய அரசை என்ன சொல்வது? சந்தையில் நம் மாட்டுக்கு நாமே விலை குறைத்துக் கூவுவோமா?

"அதிகம் கேட்டால் கம்பெனிக்காரன் பிலிப்பைன்ஸ்காரனை எடுத்துக்கொள்வான்" என்று பயம் காட்டுவார்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் நாடு என்ன செய்தது தெரியுமா? வெளிநாட்டு வீடுகளில் வேலைக்குப் போகும் தன் பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறைந்து சம்பளம் கூடாது என்று 2006-லேயே விதி போட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் லட்சக்கணக்கில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கத்தார் 2021 மார்ச்சில் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் குறைந்தபட்சம் 1,000 ரியால் என்று சட்டம் கொண்டுவந்தது. தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்குமேல் 500-ம் 300-ம். தொகை போதாது என்பது வேறு விஷயம். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் கூலி வைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தியா வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் நம் கால் சென்டர் பிள்ளைக்குப் பொருந்தாது. 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட். அவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதியின்போதுதான் ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பார்க்கிறார்கள். பத்தாவது தேறிவிட்டால் அனுமதியும் வேண்டாம், பார்வையும் கிடையாது. படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்ற நினைப்பு. கடன் வாங்கிப் படிக்க வைத்தோம், படித்த காரணத்தாலேயே அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விட்டது.

யாரும் பார்க்காத அந்த இடத்தில் எதுவரை நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் வேலை என்று ஆசை காட்டி, கணினி தெரிந்த பிள்ளைகளை மியான்மருக்குக் கடத்தி, மோசடிக் கால் சென்டர்களில் உட்கார வைக்கிறார்கள் என்று. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாக் கால் சென்டரும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கான கம்பெனிக்கும் அந்தக் கொள்ளைக்கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரிய, போகும் முன்பே ஒப்பந்தத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

முடியாத காரியமும் இல்லை. செவிலியர்களை ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் கொள்ளையடித்தபோது, 2015-ல் அரசு விதியை மாற்றியது. என்ன பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குப் போகும் செவிலியருக்கு அனுமதி கட்டாயம், ஆள் எடுப்பது அரசு நிறுவனங்கள் வழியாக என்றாகிவிட்டது. நம் தமிழ்நாட்டிலேயே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று அரசுக்கே ஒன்று இருக்கிறது. செவிலியருக்குச் செய்ததைப் போன் எடுக்கிறவனுக்கும் செய்யுங்கள். அந்தந்த ஊர் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பார்த்துக் குறைந்தபட்சச் சம்பளம் வையுங்கள். ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு கூலி மாற்றும் கம்பெனிக்கு இங்கே ஆள் எடுக்க அனுமதி மறுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலும் கொடுங்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை பெரியவர்கள் நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நிலத்தை அடகு வைக்கவும் நகையைக் கழற்றவும் கடைசியில் நம் கையெழுத்துத்தானே வேண்டும்? கையெழுத்துக்கு முன்னால் ஏஜெண்டிடம் நான்கு கேள்வி கேளுங்கள். அந்த ஊரில் ஒரு கட்டிலுக்கு என்ன வாடகை? அதே நாற்காலியில் உட்காரும் மற்ற நாட்டுக்காரருக்கு என்ன சம்பளம்? டிக்கெட்டும் விசாவும் யார் செலவு? உன் பதிவு எண் என்ன? பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவனையும், இந்தக் கேள்விகளுக்கு மழுப்புகிறவனையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் பிள்ளைகள் மலிவாகக் கிடைப்பார்கள் என்று உலகத்துக்குச் சொன்னது ஏஜெண்டுகள் மட்டுமல்ல. கழிக்காமல் பெருக்கிப் பார்த்து, "போயிட்டு வாப்பா" என்று திருநீறு பூசி அனுப்பிய வீடுகளும்தான். இனி வரும் சம்பளச் சீட்டை முதலில் அந்த ஊர்ச் செலவோடு வைத்துக் கழியுங்கள். மீதி இருந்தால் அப்புறம் பெருக்கலாம்.