விலை மாறட்டும், பாட்டு மாறக் கூடாது

அப்பிள் நிறுவனத்தின் ஐரியூன்ஸ் இசைக்கடை அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் திறந்தது. இலங்கைக்கு அது வந்தது 2012 ஜூனில், ஆசியாவின் வேறு 11 இடங்களோடு சேர்த்து. இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை 2008இல் ஐரோப்பாவில் தொடங்கியது. நமக்கு 2021இல்தான் கிடைத்தது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயிலே 2014 மார்ச்சில் நமது பளைக்குத் திரும்பிவிட்டது. போர் பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்ட பிறகும் ஏழு வருடம் காத்திருக்க வைத்த சேவை ஸ்பொட்டிஃபை.

இடைப்பட்ட காலத்தில் இங்கே யாரும் பாட்டுக் கேட்காமல் இருந்துவிடவில்லை. கைப்பேசிக் கடையில் மெமரிக் காட்டைக் கொடுத்தால் புதுப்படப் பாட்டு முழுவதும் ஏறிவிடும். ஒலிநாடாவில் ‘கொப்பி’ அடித்த காலத்தின் தொடர்ச்சிதான் அது. சட்டத்தின் கண்ணில் களவுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பிறகு அதில் வாதாட இடமில்லை. ஆனால் காசை நீட்டினாலும் விற்க ஆளில்லாத ஊருக்குக் களவைப் பற்றி உபதேசம் செய்ய இசை நிறுவனங்களுக்கு என்ன அருகதை இருந்தது?

இன்று கடை இருக்கிறது. இருந்தும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பை அழுத்தினால் சில வேளை பாட்டு வருகிறது, சில வேளை ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற அறிவித்தல் வருகிறது. மாதச் சந்தா கட்டியவருக்கும் இதே பதில்தான். இதில் நமது நிலைப்பாட்டைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவது நியாயம். நாட்டுக்கு நாடு பாட்டுப் பட்டியல் வேறுபடுவது நியாயமில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பாரபட்சம் என்று திட்டுவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

முதலில் விலை. ஸ்பொட்டிஃபை 2019 பெப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியபோது தனிநபர் மாதச் சந்தா 119 இந்திய ரூபா, அதாவது இரண்டு டொலருக்கும் குறைவு. அதே நேரத்தில் அமெரிக்காவில் 9.99 டொலர். கனடாவில் மணித்தியாலச் சம்பளம் வாங்குபவரும் பளையில் தென்னந்தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவரும் ஒரே விலை கொடுக்க வேண்டும் என்றால் அது சமத்துவம் ஆகாது. குறைந்த விலைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எந்த நாட்டில் பாட்டுக் கேட்கப்படுகிறதோ அந்த நாட்டு வசூலிலிருந்துதான் பாட்டுக்குரியவருக்குப் பங்கு போகிறது. நாம் ஒரு தடவை கேட்பதால் அவருக்குக் கிடைப்பது கனடாக்காரர் கேட்பதால் கிடைப்பதை விடக் குறைவு. அதை நாமும் தெரிந்துதான் ஏற்கிறோம்.

ஆனால் விலை நம் நாட்டு ரூபாவில் இருக்க வேண்டும். அப்பிளின் இலங்கைக் கடை டொலரில் விலை போட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் பாட்டுக் கடையின் விலையும், டொலரில் ஒரு சதமும் மாறாமலே, ரூபாவில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. வங்கி அட்டை இல்லாத இளையவர்களுக்கு அந்த விலையும் எட்டாது. ரீலோட் பண்ணிய காசிலிருந்து கழிக்கும் வசதி எல்லாச் சேவைகளிலும் இருந்தால்தான் இந்தக் கடைகள் நமக்கும் உரியவை.

பட்டியல் விடயம் இதைவிட மோசம். இசைத்தட்டும் ஒலிநாடாவும் கப்பலில் போன காலத்தில் எழுதிய ஒப்பந்தங்கள்தான் இன்றும் பாட்டைக் கட்டி வைத்திருக்கின்றன. இந்தியா ஒருவருக்கு, சிங்கப்பூர் மலேசியா இன்னொருவருக்கு, மிச்ச வெளிநாடு வேறொருவருக்கு என்று உரிமை துண்டாடப்பட்டது. அந்த மிச்சத்துக்குள்தான் இலங்கை. இளையராஜாவின் பாடல்கள் யாருக்கு உரியவை என்று எக்கோ நிறுவனத்தோடும் மலேசியாவின் அகி மியூசிக்கோடும் நடந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபட்டது. சொந்த நாட்டிலேயே பாட்டுக் காணாமற் போவதும் உண்டு. பழைய எச்.எம்.வி. களஞ்சியத்தை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் ஸ்பொட்டிஃபையோடு முரண்பட்டதால், 2019 ஏப்ரல் முதல் மறு வருட நடுப்பகுதி வரை அதன் பாடல்கள் அந்தச் சேவையின் இந்தியப் பட்டியலில் இல்லை. இசையமைப்பாளர் எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுக்குச் சென்னையிலேயே அந்தக் கதி என்றால் பளையில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தியாவுக்கும் நமக்கும் இடையிலான கடலை ஒரு காலத்தில் பாட்டு எப்படிக் கடந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950களில் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் செய்தபோது, தமிழ்நாடு தன் சொந்தப் பாட்டைக் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி வழியாகவே கேட்டது. பிறகு ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இங்கிருந்து அங்கே போனது. சிற்றலை வானொலிப் பெட்டிக்குக் கேட்பவரின் நாடு எதுவென்று தெரியாது. அதைவிடப் பன்மடங்கு வல்லமையுள்ள கைப்பேசிக்கு அது நன்றாகத் தெரிகிறது. தெரிந்துகொண்டுதான் கதவை மூடுகிறது.

நாடு நாடாக விற்றால்தான் தயாரிப்பாளருக்கு வருமானம் கூடும் என்று உரிமைக்காரர்கள் சொல்வார்கள். பெரிய சந்தைகளில் அது உண்மையாக இருக்கலாம். நமது சந்தை சிறியது. பல பாடல்களுக்கு இலங்கை உரிமையை வாங்க எவரும் வருவதில்லை. வாங்க ஆளில்லாத உரிமையைப் பூட்டி வைத்திருப்பதால் இசையமைப்பாளருக்கோ பாடகருக்கோ ஒரு சதமும் சேர்வதில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு, விலை பற்றியதே ஆனாலும், உதாரணம் உண்டு. ஐரோப்பாவில் 99 யூரோ சதத்துக்கு விற்ற பாட்டைப் பிரித்தானியருக்கு, அதைவிடக் கூடிய விலையான 79 பென்சுக்கு அப்பிள் விற்றது. வங்கி அட்டையின் முகவரியைப் பார்த்து, மலிவான கடைக்குப் போகவிடாமலும் தடுத்தது. நுகர்வோர் அமைப்பொன்று முறைப்பாடு செய்தது, ஐரோப்பிய ஆணைக்குழு 2007இல் விசாரணையைக் கையில் எடுத்தது, 2008 ஜனவரியில் பிரித்தானிய விலையைக் குறைப்பதாக அப்பிள் அறிவித்தது. அவுஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு அப்பிள், மைக்ரோசொஃப்ட், அடோபி ஆகிய நிறுவனங்களையே அழைத்து விலை வேறுபாடு பற்றிக் கேள்வி கேட்டு, 2013 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது.

நமது கலைஞர்களின் பக்கமும் இருக்கிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் பாட்டு எழுதி, கடன்பட்டு ஒலிப்பதிவு செய்து இறுவட்டு வெளியிட்டவர்கள் இன்று இந்தச் சேவைகளில்தான் பாட்டை ஏற்ற வேண்டும். ஏற்றித் தரும் நிறுவனங்களுக்கு டொலரில் கட்டணம். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. உலக அளவில் சின்னதாகத் தெரியும் அந்த எண்ணிக்கை, ஒரு கிராமத்துக் கோயில் பாட்டுக்குப் பெரிய மலை. நம்மூர்க் கலைஞரின் பாட்டைப் புலம்பெயர்ந்த உறவுகள் அந்தச் சேவையிலேயே தேடிக் கேட்பது அவருக்கு நேரடி உதவி.

2025இல் நிறைவேறிய பெறுமதிசேர் வரித் திருத்தம் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளையும் 18 வீத வரிக்குள் கொண்டுவந்தது. நடைமுறைத் திகதி தள்ளிப்போனாலும் சட்டம் சட்டம்தான். ஒரு பொருளுக்கு வரி கேட்கும் அரசு, அந்தப் பொருள் மற்ற நாட்டாருக்குப் போல் முழுதாக வந்து சேர்கிறதா என்றும் கேட்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இந்த நிறுவனங்களை அழைத்து, இலங்கைக்கு மறைக்கப்படும் பாடல்கள் எவை, யார் சொல்லி மறைக்கப்படுகின்றன என்ற விபரத்தைப் பெற்று வெளியிட வேண்டும். கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்காமல், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுப்ப வேண்டும்.