வீட்டுக் கணக்கு: ‘கேமிங் லப்ரொப்’ வாங்கலாமா?



உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால், பிள்ளைகள் முதலில் கேட்பது மடிக்கணினிதான். இப்போது அதற்கு முன்னால் ‘கேமிங்’ என்று ஒரு சொல்லும் சேர்ந்திருக்கிறது. “விளையாடுற சாமானுக்கு மூண்டு லட்சமோ?” என்று தாய்மார் திகைக்கிறார்கள். “அது இல்லாட்டிப் படிக்கேலாது” என்கிறார்கள் பிள்ளைகள். இரண்டு பேரும் பெயரைப் பிடித்துக்கொண்டே வாதாடுகிறார்கள்.

சாதாரண மடிக்கணினியில் திரைக்குப் படம் வரையும் வேலையையும் பிரதான செயலியே சேர்த்துச் செய்கிறது. கேமிங் வகையில் அதற்கென்று கிராபிக்ஸ் கார்ட் தனியாக இருக்கிறது. அதற்குத் தனி நினைவகமும், சூட்டை வெளியே தள்ளப் பெரும்பாலும் இரண்டு விசிறிகளும் உண்டு. விளையாட்டுக்கு வேண்டிய இந்தப் பலம்தான் முப்பரிமாண வரைபடத்துக்கும், கலியாண வீடியோவை வெட்டித் தொகுப்பதற்கும் வேண்டும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் பலகையோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. கேமிங் வகைகள் பலவற்றில் 8 ஜிபியோடு வாங்கி, கையில் காசு வரும்போது 16 ஆக்கலாம். ஒரேயடியாகக் காசு போட முடியாத எங்களுக்கு இது சின்ன விசயமல்ல.

குறைகளைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கணினி மட்டும் இரண்டேகால், இரண்டரைக் கிலோ வரும். சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல். சாதாரண மடிக்கணினிக்கு 65 வாட் சார்ஜர் போதும், இதற்கு 180, 230 வாட் என்று வேண்டும். மின்சாரத்தில் செருகினால்தான் முழுப்பலமும் வரும். பற்றரியில் ஓடும்போது பலம் குறைந்துவிடும், பற்றரியும் கெதியில் இறங்கிவிடும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. மின்பட்டியலையும் பாருங்கள். பாரமான வேலைக்குச் சராசரி 150 வாட் என்று வைத்து, நாளுக்கு 4 மணித்தியாலம் பாவித்தால் மாதம் 18 அலகு. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடு அதைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும்.

பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்.ரி.எக்ஸ். 4050 என்று இரண்டு பெட்டியிலும் எழுதியிருக்கும். ஆனால் மடிக்கணினிக்கான அந்தக் கார்ட்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம். குறைந்த வாட்டில் அமைத்தது மெதுவாகத்தான் ஓடும். ஆகவே கார்ட்டின் பெயரோடு வாட்டையும் கேளுங்கள். திரையும் அப்படித்தான். 144 ஹேர்ட்ஸ் என்பது அசைவு வழுவழுப்பாகத் தெரிய உதவும், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலிவான கேமிங் வகைகள் பலவற்றில் நிறம் வெளிறியே தெரியும். படப்பிடிப்பு, அச்சு வேலை செய்யும் பிள்ளைக்கு அது உதவாது. கடையில் ஒரு சேலைப் படத்தைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

எங்கள் சங்கத்து அக்கா ஒருவரின் மகளுக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது. அக்காவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். தையலாலும் இரண்டு பசுவாலும் பிள்ளையைப் படிப்பித்தவர் அவர். கையில் சீட்டுக்காசு 180,000 ரூபா. கடையில் சொன்ன விலை 340,000. மீதிக்குக் கடன் தர ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். “தேப்பன் இல்லாத பிள்ளை எண்டு மற்றப் பிள்ளையளுக்கு முன்னாலை குறைஞ்சு நிக்கக்கூடாது தங்கச்சி” என்றார் அக்கா. அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கணக்குப் பார்க்கத்தான் முடிந்தது.

பீடத்தில் இரண்டு வருடம் முடித்த பிள்ளைகளிடம் விசாரித்தோம். தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள், துறை பிரிவது பிறகுதான் என்றார்கள். சாதாரண இருபரிமாண வரைபடத்துக்குத் தனிக் கார்ட் தேவையில்லை. விடுதிக்கும் வகுப்புக்கும் சுமந்து திரிபவளுக்குப் பாரம் குறைவதும் பற்றரி நிற்பதும்தான் முக்கியம். சீட்டுக்காசுக்குள் அடங்கும், பிறகு ராம் கூட்டக்கூடிய சாதாரண மடிக்கணினியே போதும் என்றேன். பிள்ளையின் முகம் வாடியது உண்மை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசல்லை வந்து நிக்கிறதை விட இது நல்லம் அம்மா” என்றாள்.

அவள் சொன்னது எங்கள் ஊர்களுக்குத் தெரியாததல்ல. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. உழைப்பைத் தரும் பொருளுக்குக் கடன் எடுப்பது வேறு. கலியாண வீடியோ தொகுத்து மாதாமாதம் காசு கொண்டுவரும் பையனுக்குக் கேமிங் வகை வாங்கினால் பிழையென்று நான் சொல்லமாட்டேன். அவனும் வீட்டிலிருந்தே வேலை செய்பவனென்றால் மேசைக் கணினியை விசாரியுங்கள். அதே பலம் குறைந்த விலைக்கு வரும், பழுதானால் பழுதான பகுதியை மட்டும் மாற்றலாம். மின்சாரம் திடீரென்று நின்றால் வேலை அழியாமலிருக்க ஒரு யு.பி.எஸ். வேண்டும், அந்த விலையையும் கணக்கில் சேருங்கள்.

பழையதை வாங்குபவர்கள் அரை மணித்தியாலம் பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். சூட்டில் நின்றுவிடுகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று தெரியும். விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று அதில் இருக்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிந்துவிட்டதால், 11 ஏற்குமா என்றும் கேளுங்கள். புதிதென்றால் உத்தரவாதம் கம்பனி முகவருடையதா, கடையினுடையதா, பற்றரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். கணினியின் அடியில் இருக்கும் தொடரிலக்கம் பற்றுச்சீட்டிலும் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒத்துப் பாருங்கள்.