தனியே செல்பவளைக் கேளாதீர். கதவு திறப்பவனைக் கேளுங்கள்!

“ஏன் தனியே போகிறாய்?”

வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் வாழும் உத்தியோகத்தர் வீட்டில் இக்கேள்வி எழுகிறது. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைக்குள் குடும்பம் நடத்தும் எழுதுவினைஞர் வீட்டிலும் எழுகிறது. கிளிநொச்சியில் வயல் செய்து மகளைப் படிக்கவைத்துக் கொழும்புக்கு உத்தியோகத்துக்கு அனுப்பிய கமக்காரர் வீட்டிலும் எழுகிறது. ஆசிரியையாகவோ தாதியாகவோ உழைத்துக் களைத்த பெண்ணொருத்தி, பத்து நாள் விடுமுறையில் தென்கரையிலுள்ள ஓர் ஆயுர்வேத நலவிடுதிக்குச் சென்று, எண்ணெய்ச் சிகிச்சை பெற்று, உடலும் மனமும் தேறி வரலாமென்று எண்ணுகிறாள். உடனே வீடு நீதிமன்றமாகிவிடுகிறது. தந்தை வினவுகிறார், தமையன் குறுக்கு விசாரணை செய்கிறான், அடுத்த வீட்டு மாமி தீர்ப்பே வழங்கிவிடுகிறார்: “துணையில்லாமல் பெண்பிள்ளை போவதா?”

நாம் ஒன்று கேட்கிறோம். இத்தனை கேள்விகள் எழுந்த வீட்டில், அந்த விடுதியைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுந்ததா? அதை நடத்துபவர் யார்? வைத்தியம் செய்பவர் பதிவு பெற்றவரா? அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா? இவற்றை எவரும் கேட்பதில்லை.

சோடி மாடு வாங்கப் போகும் கமக்காரர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடத்தியும் பார்க்கிறார். மிளகாய் விதை வாங்கினால் எந்தத் தோட்டத்து விதையென்று விசாரிக்கிறார். காணி வாங்கும் உத்தியோகத்தர் உறுதியைப் புரட்டி, மூன்று தலைமுறை உரிமையை ஆராய்ந்த பின்னரே கையெழுத்திடுகிறார். மாட்டுக்கும் விதைக்கும் மண்ணுக்கும் இருக்கும் விசாரணை, மகள் தலைசாய்க்கப் போகும் வீட்டுக்கு மட்டும் இல்லாமற் போவதேன்? விசாரிக்கப்பட வேண்டியது விடுதி. விசாரிக்கப்படுபவளோ பெண்! இந்தத் தலைகீழ் நியாயத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

துணையே காப்பு என்பாருக்கு மூன்று வழக்குகளை முன்வைக்கிறோம். மூன்றும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தவை, தெருப் பேச்சல்ல.

2011ஆம் ஆண்டு நத்தார் வேளையில், தங்காலைக் கடற்கரை விடுதியொன்றில் பிரித்தானியர் ஒருவரும் அவருடைய ரஷ்யத் தோழியும் தங்கியிருந்தனர். கைகலப்பொன்றை விலக்கச் சென்ற அவர் கொலையுண்டார். அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். முதன்மைக் குற்றவாளி யார்? வழிப்பறிக் கள்வனா? இல்லை. அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த தங்காலைப் பிரதேச சபைத் தவிசாளர்! 2014ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கும் மற்றும் மூவருக்கும் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. அப்பெண்ணுக்குத் துணை இருந்தது. அத்துணை உயிரையே கொடுத்தது. எனினும் அதிகாரச் செருக்கின் முன் அது காப்பாகவில்லை.

இரண்டாவது இந்தியாவில் நடந்தது. 2013இல், பேய் பிடித்திருக்கிறதென்றும் அதனைக் குணப்படுத்த வேண்டுமென்றும் சொல்லப்பட்டு, 16 வயதுச் சிறுமியொருத்தி ஜோத்பூருக்கு அண்மையில் தங்கியிருந்த ஆசாராம் பாபு என்ற சாமியாரிடம் அழைத்துச் செல்லப்பட்டாள். அழைத்துச் சென்றவர்கள் வேறெவருமல்லர், பெற்றோரே! 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அந்தச் சாமியாருக்கு வன்கொடுமைக் குற்றத்துக்காக ஆயுட்சிறை விதித்தது. தாய் தந்தையினும் மேலான துணை எது? ஆசிரமத்தினும் புனிதமான பெயர்ப்பலகை எது? இரண்டும் இருந்தும் அந்தக் குழந்தையைக் காக்கவில்லை.

மூன்றாவது நம் அண்டை நிலமான கேரளத்தில். மனச்சோர்வுக்கு ஆயுர்வேத சிகிச்சை நாடி, லாத்வியா நாட்டுப் பெண்ணொருத்தி 2018இல் சகோதரியுடன் திருவனந்தபுரத்துக்கு அருகே வந்து தங்கினாள். மார்ச் 14ஆம் நாள் வெளியே சென்றவள் திரும்பவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழிந்து, ஏப்ரல் 20ஆம் நாள் கோவளத்துக்கு அண்மையில் அவளுடைய சடலம் கண்டெடுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் இருவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. “தனியே வெளியே போனதால்தானே?” என்று எதிர்வாதம் புரிவோர் உளர். அவர்களுக்கு நம் மறுமொழி இது: நோய் தீர்க்க வந்தவள் திரும்பாத முதல் மணி நேரத்திலேயே தேடிப் புறப்பட வேண்டிய கடமை யாருடையது? காவல்துறை தொடக்கத்தில் காட்டிய அசட்டையைக் குடும்பத்தார் அன்றே உரத்த குரலில் குற்றஞ்சாட்டவில்லையா?

மூன்றிலும் துணை இருந்தது. இல்லாதிருந்தது பொறுப்பு. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பாதுகாப்பு இருக்கிறது.

வீட்டிலிருந்தால் ஆபத்தில்லை என்பாரையும் நோக்குவோம். இலங்கைத் தொகைமதிப்புத் திணைக்களம் 2019இல் நடத்திய மகளிர் நல்வாழ்வு ஆய்வின்படி, மணம் செய்த அல்லது துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அந்தத் துணையின் கையாலேயே உடல்வழியான அல்லது பாலியல்வழியான வன்முறையைக் கண்டிருக்கிறார். வீட்டுக்கு வெளியேயும் நிலைமை வெட்கக்கேடானது. பஸ்ஸிலும் ரயிலிலும் 100 பெண்களில் 90 பேர் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகவும், பொலிசாரின் உதவியை நாடியவர்கள் 4 பேரே என்றும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. சட்டமில்லையா? இருக்கிறது! 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பாலியல் தொல்லைக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடந்தருகிறது. சட்டம் புத்தகத்தில் உறங்குகிறது. பெண்ணோ, “நீ ஏன் அந்த பஸ்ஸில் ஏறினாய்?” என்ற கேள்விக்கு அஞ்சி வாய்மூடி இருக்கிறாள்.

“ஏன் வந்தாய்?” என்ற கேள்வி நமக்குப் புதியதா? 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையை வெள்ளவத்தை மறந்துவிட்டதா? கொட்டாஞ்சேனை மறந்துவிட்டதா? விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிசார் எழுப்பி, தகுந்த காரணமின்றித் தலைநகரில் இருக்கிறீர்களென்று கூறி, 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வேலைக்கும் வந்து தங்குவோரின் இடங்கள் அல்லவா அவ்விடுதிகள்? மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது; பிரதமரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அன்று நாம் என்ன சொன்னோம்? இந்நாட்டின் எந்த ஊரிலும் தங்குவதற்குக் குடிமகன் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றோம். பாதுகாப்பின் பெயரால் உரிமையைப் பறிப்பது அநீதி என்றோம். அந்த நியாயம் குடிமகனுக்கு மட்டுந்தானா? குடிமகளுக்கு இல்லையா? அரசு கேட்டபோது கொதித்தெழுந்த நாம், அதே கேள்வியை நம் வீட்டு நடையில் நின்று கேட்கலாமா? தனியே வரும் பெண்ணுக்கு அறையில்லையென்று கைவிரிக்கும் விடுதிக்காரருக்கும் இதுவே நம் கேள்வி.

தமிழ்ப் பண்பாடு இதனை ஒப்பாது என்று சிலர் முழங்குவர். ஒளவை ஊரூராய் நடந்தபோது எந்தத் தமையன் பின்சென்றான்? காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் புறப்பட்டபோது துணைச்சீட்டு எழுதிக் கொடுத்தவர் யார்? செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தில் நம் மூதாட்டிகள் இன்றும் நடக்கின்றனர். வழியெங்கும் மடங்களும் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்து, யாத்திரிகருக்கு ஊரே பொறுப்பேற்பது நம் வழக்கம். ஆகவே பெண்ணைப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், வழியைக் காத்துக் கொடுப்பதே நம் மரபுக்கு இசைந்தது.

ஆபத்தே இல்லையென்று நாம் கூறவில்லை. ஆயுர்வேத மசாஜ் நிலையம் என்ற பலகையின் பின்னால் வேறு வாணிபம் நடத்தியோரைப் பொலிசார் பிடித்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தவண்ணம் இருக்கின்றன. பலகை பொய் சொல்லும். பதிவேடு எளிதில் சொல்லாது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யூனானி உட்பட நாட்டு வைத்தியர்களைப் பதிவு செய்ய வகை செய்திருக்கிறது. எனவே செல்ல விரும்பும் பெண் முதலில் கேட்க வேண்டியது வைத்தியரின் பதிவிலக்கம். அதைத் தரத் தயங்கும் இடம் மருத்துவ நிலையமாகாது. விடுதி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றதா என்பது அடுத்த கேள்வி.

பின்னர் கேட்க வேண்டியவை இவை. எண்ணெய்ச் சிகிச்சை செய்பவர் பெண்ணா? எந்த நிலையிலும் “போதும்” என்று நிறுத்தச் சொல்லலாமா? அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்? இரவில் பொறுப்பாளர் எவர்? அடையாள அட்டையும் கைப்பேசியும் தன் வசமே இருக்குமா? இடையில் புறப்பட்டால் மீதிப் பணம் திரும்புமா? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமென்று எண்ணாதீர். முற்பணமாகக் கட்டிவிட்ட பெருந்தொகையே, மனம் ஒப்பாத இடத்திலும் பலரைக் கட்டிப்போடும் விலங்கு. “எங்களுடையது குடும்பப் பாங்கான இடம், பயப்படாதீர்கள்” என்ற இனிய சொல் இவற்றுள் எதற்கும் பதிலாகாது. முன்பு அங்கே தனியே தங்கி வந்த ஒரு பெண்ணின் சொல்லே நூறு விளம்பரங்களினும் பெரிது.

இவையெல்லாம் செல்வச் சீமாட்டிகளின் கவலை என்பாரும் உண்டு. அன்று! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்றுப் பெண்கள் வைத்தியர்களாக வெளிவருகின்றனர். பொரளையில் அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது. நாற்று நட்டு இடுப்பொடிந்தவளுக்கும் வகுப்பறையில் நின்று கால் வீங்கியவளுக்கும் ஓய்வும் சிகிச்சையும் உரிமையே, சலுகையல்ல.

அரசுக்கும் சொல்வோம். பதிவு பெற்ற நிலையங்களின் பட்டியலைத் தமிழிலும் ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஒட்டி வையுங்கள். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தென்கரைப் பொலிஸ் நிலையத்தில் ஒரு தமிழ்ப் பெண் தன் மொழியில் முறையிட முடியாவிட்டால், அந்தத் திருத்தம் அவளுக்கு வெறுங் காகிதம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை விடுதி அறைகளில் ஒட்டுவதற்கு என்ன செலவாகும்?

பெற்றோரே, தமையன்மாரே! கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேள்வியின் முகவரியை மாற்றச் சொல்கிறோம். மகளின் பெட்டியைச் சோதிப்பதை விடுத்து விடுதியின் பதிவைச் சோதியுங்கள். அவளிடம் காரணம் கேட்பதை விடுத்து அவர்களிடம் கணக்குக் கேளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறவளும், கொட்டாஞ்சேனையிலிருந்து காலை ரயிலில் தென்கரை போகிறவளும் எவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்களல்லர். விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் கதவைத் திறந்து பணம் வாங்குபவர்களும், அவர்களைக் கண்காணிக்கச் சம்பளம் பெறுபவர்களுமே. அவர்களைச் சொல்ல வையுங்கள்!